மின் கட்டணமும் நாம் வாழும் வீடும்



மின் கட்டணம் கூடிவிட்டால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது பிள்ளைகள்தான். "ஃபேனை நிறுத்தினாயா? லைட்டை அணைத்தாயா?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் மின்செலவைச் சுவிட்சைத் தொடும் கை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டின் கூரை, வீட்டில் இருப்போரின் எண்ணிக்கை, வீடு சொந்தமா வாடகையா என்பது ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

முதலில் கூரை. தாமிரபரணிக் கரையிலுள்ள வண்ணார்பேட்டை போன்ற ஊர்களில் பழைய வீடுகளுக்கு ஓட்டுக் கூரையும் முற்றமும் திண்ணையும் உண்டு. சூடான காற்று மேலெழுந்து ஓட்டு இடுக்கு வழியாகவும் முற்றம் வழியாகவும் வெளியேறிவிடும். இன்றைய கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அறைக்குள் இறக்குகிறது. எனவே கோடையில் மாடியில் குடியிருப்பவருக்கு விடியும்வரை மின்விசிறி ஓடியாக வேண்டும்; வசதியுள்ளவர் ஏசி வாங்குகிறார்.

அடுத்தது எண்ணிக்கை. பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்று நாளுக்கு 1 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 60 யூனிட். ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு 12 யூனிட்தான். பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, தனியே வாழும் தாய்க்கோ 60 யூனிட்டும் அவர் கணக்கில்தான். அவர் வீண்செலவு செய்கிறார் என்று சொல்ல முடியுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 பேர். குடும்பங்கள் சிறுக்கச் சிறுக்கத் தலைக்கு ஆகும் மின்செலவு கூடும்.

மூன்றாவதுதான் நாம் அதிகம் எண்ணிப் பார்க்காதது. ஒரே வளவில் மூன்று குடித்தனங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் செலவழிக்கின்றன. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அப்போதைய கட்டணப்படி, தனித்தனி இணைப்பு இருந்தால் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. மீதி 70 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதம் 157.50 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்து 472.50 ரூபாய். ஒரே இணைப்பில் மூன்றும் இருந்தால் மொத்தம் 510 யூனிட். 500-ஐத் தாண்டியதால் அன்று உயர்ந்த கட்டணப் பட்டியல் பொருந்தியது. கட்டணம் 2,030 ரூபாய்! மின்சாரம் அதே அளவு. பணம் நான்கு மடங்குக்கு மேல். வாடகைக்கு இருப்பவர் எத்தனை விளக்கை அணைத்தாலும் இந்த வேறுபாட்டை ஈடுசெய்ய முடியாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், தேவையற்ற விளக்குகளை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் பாராட்டினார். அதோடு, கூரையையும் இணைப்பையும் மாற்றும் நிலையில் இருப்பவர்களின் பொறுப்பையும் நாம் சிந்திக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். புதிதாகக் கட்டுவோர் தளத்தின்மேல் தட்டோடு பதிக்கலாம், எதிரெதிரே சன்னல் வைக்கலாம், மேற்குப் பக்கம் ஒரு வேம்பு நடலாம். 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் புதிய வகையை வாங்கலாம். ஏசி வைத்திருப்போர் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதிருக்கலாம்; ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சமாகும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வளவில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கோடை வருமுன் விண்ணப்பியுங்கள். மாடியில் குடியிருப்பவருக்காக ஒருமுறை சுண்ணாம்பும் அடித்துக் கொடுங்கள்.