செயினை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

ஓசூர்ப் பக்கத்துப் பேரிகையைச் சுற்றியுள்ள வண்டிப்பாதைகளில் ஓடும் கியர் சைக்கிளுக்கு முதல் எதிரி மேடுபள்ளம் அல்ல, தூசி. செம்மண்ணும் கல் லாரிகள் இறைத்துப்போகும் கிரானைட் பொடியும் செயின் எண்ணெயில் ஒட்டிக்கொண்டால், உப்புத்தாள் போட்டதுபோல் இரும்பு தேயும். வருஷத்துக்கு ஒருமுறை கடையில் விட்டு ஓவராயில் செய்து வாங்குகிறவர்களின் பணம் இங்கேதான் போகிறது. நடுவில் உள்ள மாதங்களில் செயின் பல்சக்கரங்களைத் தின்று தீர்த்திருக்கும். அதனால் செயின் வேலையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் வேண்டவே வேண்டாம். பீய்ச்சும் தண்ணீர் ஹப்புக்குள் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துணியும் போதும். செயினுக்கு மட்டும் பழைய பல் பிரஷ்ஷை டீசலில் தோய்த்துத் தேயுங்கள். அதற்குமுன் பின் டிஸ்க்கை பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். டீசல் பட்ட பிரேக் பேடு கீச்சிடும், பிடிக்காது.

காய்ந்ததும் அளவெடுங்கள். ஓசூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு போகிறவர்கள் இருக்கும் ஊரில் நீளமான ஸ்டீல் ஸ்கேலுக்குப் பஞ்சமிருக்காது. பெடலை லேசாக அழுத்திச் செயினை இறுக்கிப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம், சில நூறு ரூபாயோடு போகும். ஒரு நூல் கூடிவிட்டதா? பிரீவீலும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் மிதிக்கும்போது நழுவும். கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் அவரைச் சந்தேகிப்பதா நம்புவதா என்பதை இந்த ஒரு நூல்தான் சொல்லும்.

வாங்கும்போது அகலத்தைச் சொல்லி வாங்குங்கள். தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸிலும் கண்ணிக்கு அரை அங்குலம்தான். ஆனால் அந்தச் செயின் தடிமன், ஏழு பல்சக்கர பிரீவீலில் உட்காராது.

எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்சம் பொறுத்து வெளிப்பக்கத்தை உலரத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே இருப்பது தூசியைத்தான் கூப்பிடும். பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதிலேயே இரும்புத் துகள் மிதக்கும்!

பிரேக்கும் கியரும் சிறு வேலைகள். டிஸ்க் உரசினால் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடியே இறுக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். பேடில் பிடிமானப் பொருள் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் முனைத் திருகைப் பின்னாலிருந்து பார்த்து எதிர்க்கடிகாரத் திசையில் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். விழுந்து எழுந்த சைக்கிள் என்றால் திருகை விட்டுவிடுங்கள். செயினைக் கியர் மாற்றித் தள்ளும் பின் டிரெயிலரைத் தாங்கும் உலோகத் துண்டு வளைந்திருக்கலாம், அதை நிமிர்த்தத் தனிக் கருவி உண்டு.

சக்கரக் கோட்டம் எடுப்பதைக் கடைக்கே விடுங்கள். அது கைப்பழக்கம். ஒரு ஸ்போக்கை இறுக்கினால் எதிர்ப்பக்கம் எவ்வளவு தளர்த்துவது என்பது பல வருஷம் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அதற்கு ஓசூர் ஷோரூம் வரை போக வேண்டியதில்லை, பஞ்சர் ஒட்டும் பெரியவர் நன்றாகவே எடுப்பார். பெடல் அச்சு ஆடினாலும் அவரிடமே கொடுக்கலாம். ஹைட்ராலிக் பிரேக்குக்கு மட்டும் பெரிய கடை தேவை. சில பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். எதை ஊற்றப்போகிறார் என்று கேட்டுவிட்டு வண்டியை ஒப்படையுங்கள்.