செம்பில் வரைந்த கோடுகள்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் கொடிமர மண்டபத்தில் கர்ணன், அருச்சுனன், வீரபத்திரர் முதலியோர் தூணோடு தூணாக நிற்கின்றனர். இராசபாளையத்து மாணவருக்கு அது சிறு பேருந்துப் பயணத்தொலைவே. செல்வோர் பலர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கர்ணனின் கழுத்தணியையும் தோள்வளையையும் உற்று நோக்குங்கள். கல்லைக் கொத்திய சிற்பி பொற்கொல்லரின் கண்ணைக் கொண்டிருந்தார் என்பது விளங்கும். இன்னொன்றும் புலப்படும். இச்சிற்பங்கள் முன்னின்று காண்பதற்கென்றே அமைந்தவை. இறைத்திருமேனிக்குச் சாத்தும் உலோகக் கவசமும் அத்தகையதே.

இவ்விரு மரபுகளையும் இருபதாம் நூற்றாண்டின் நவீனச் சிற்பத்திற்குள் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் எசு. நந்தகோபால். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் மகனாக 1946இல் பிறந்த இவர், சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்றது இயற்பியல்! பட்டம் பெற்றபின் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஓவியம் கற்று, சிற்பியானார்.

அக்காலத்தில் ஓவியக் கல்லூரியில் பயின்று வெளிவந்தோரின் படைப்புகளை வாங்குவார் அரியர். பிழைப்புக்காக வேறு பணிகளுக்குச் சென்று தூரிகையையே மறந்தவர் பலர். இந்நிலைக்கு மாற்றாக, 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் கலைஞர்கள் நிலம் வாங்கினர், வீடும் கட்டினர். கைவினையைக் கலையினும் தாழ்ந்ததாகக் கருதுவோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே கைவினைதான் கலைக்குச் சோறிட்டது.

அக்கிராமத்தில் நந்தகோபாலுக்கு மூத்தவர் பி.வி. ஜானகிராம் (1930-1995). செப்புத் தகட்டைத் தட்டிப் புடைக்கச் செய்து, அதன்மேல் கம்பிகளைக் கோடுகளாகப் பற்றவைத்தவர் அவர். கவசம் செய்யும் கொல்லரின் முறை அவர் கையில் நவீனச் சிற்பமாயிற்று. நந்தகோபாலோ தகட்டையும் கம்பியையும் மேலும் சிக்கலாகப் பின்னினார். செம்பு, பித்தளை ஆகியவற்றை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, சிலவற்றிற்கு வெள்ளி முலாமும் பூசினார். அணிகலன் செய்வோரின் நுட்பங்கள், ஆள் உயரச் சிற்பங்களுக்குப் பயன்பட்டன.

இது எளிய செயலன்று. செம்பு வெப்பத்தை விரைந்து கடத்தும். சுடரை ஓரிடத்தில் காட்டினால் தகடு அச்சூட்டை எங்கும் பரப்பிவிடும். அதன்மேல் ஒட்டவேண்டிய மெல்லிய கம்பியோ அதற்குள் உருகிவிடும். தகட்டைப் போதிய அளவு சூடாக்கி, கம்பியையும் காக்க வேண்டும். இயற்பியல் பயின்றவருக்கு இக்காரணம் தெரிந்திருக்கும். ஆயினும் அதனைக் கைக்குக் கற்றுக்கொடுக்கப் பயிற்சியன்றி வேறு வழியில்லை.

கருடன், அனுமன், மரம், பறவை என அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் நமக்குப் பழக்கமானவை. உருவங்கள் மட்டும் எந்தக் கோவிலிலும் காணாதவை. தாளக் கணக்கில் வார்த்த படிமங்களைக் கண்டு பழகியவர்க்கு அவை முதலில் விந்தையாகத் தோன்றலாம். சற்று நேரம் எதிரே நின்றால், தூண் சிற்பத்தின் முன் நிற்கும் உணர்வு மெல்ல வந்துவிடும். லலித் கலா அகாதெமியின் தேசிய விருது பெற்ற நந்தகோபால் 2017இல் மறைந்தார். இறுதிவரை அவர் பணியாற்றிய இடம் தந்தை தொடங்கிய அதே சோழமண்டலமே.