கிற்றாரின் குரலைக் காக்கும் சிறு மின்சுற்று

மின்கிற்றார் பயிலும் இளைஞரிடையே அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்று உண்டு. கருவியை நேரே ஒலிபெருக்கியுடன் தொடுத்தால் நாதம் தெளிவாக ஒலிக்கிறது; காற்பெடல்கள் பலவற்றை அடுக்கிய பலகையினூடே அனுப்பினாலோ, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடுகிறது. உடனே கருவியைப் பழித்துப் புதியது வாங்கப் பணம் தேடுவோர் பலர். குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை. சில சில்லறைப் பொருள்களே அதனைத் தீர்க்கப் போதும்.

தந்தி அதிரும்போது அதன் கீழுள்ள பிக்கப் என்னும் காந்தச் சுருளில் நலிந்ததொரு மின்னழுத்தம் பிறக்கிறது. அதனைக் கொண்டு செல்லும் வடமோ மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட் கொள்ளளவம் உடையது. சுருளின் தூண்டுதிறன் 2.5 ஹென்றி எனக் கொள்வோம். வடம் 5 மீற்றராயின் சுருளின் பரிவு அதிர்வெண் 4,000 ஹேர்ட்சுக்கு மேலே நிற்கும். பலகைக்கு அப்பாலுள்ள வடமும் சேர்ந்து 12 மீற்றராயின் 3,000க்குக் கீழே இறங்கிவிடும். அதற்கு மேற்பட்ட ஒலிகள் தேய்ந்துபோகும். மங்கலுக்குக் காரணம் இதுவே.

மெலிந்தவர் ஒருவரின் தலைச்சுமையை வழியில் வலியவர் ஏற்றுக்கொள்வது போன்றது பஃபர் எனப்படும் தாங்கற் சுற்று. அது ஒலியைப் பெருக்குவதில்லை. சுருளுக்குப் பாரமாகாமல் வாங்கி, நீண்ட வடத்தையும் தாங்கும் வலுவுடன் வழங்குகிறது.

வேண்டியவை: 2என்5457 என்னும் புலவிளைவுத் திரான்சிற்றர் ஒன்று, 10 கிலோஓம் தடைகள் மூன்று, 1 மெகாஓம், 100 கிலோஓம் தடைகள் ஒவ்வொன்று, 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று; 10 மைக்ரோபரட் கொள்ளளவிகள் இரண்டு; 9 வோல்ற் மின்கலம்; ஜாக்குகள் இரண்டு; உலோகப் பெட்டி ஒன்று.

10 கிலோஓம் தடைகள் இரண்டை மின்கலத்தின் இரு முனைகளுக்கிடையே தொடராக இணைத்தால் நடுவில் 4.5 வோல்ற் கிடைக்கும். அந்நடுப்புள்ளியிலிருந்து 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றின் மறைமுனையைப் புவியுடன் தொடுக்க வேண்டும். அதே புள்ளியை 1 மெகாஓம் தடையால் திரான்சிற்றரின் கேற்றுடன் இணைக்க. கிற்றாரின் சமிக்ஞை 0.1 மைக்ரோபரட் வழியே கேற்றை அடையும். டிரெயின் நேர்முனைக்கும், சோர்ஸ் மூன்றாம் 10 கிலோஓம் தடை வழியே புவிக்கும் செல்லும். சோர்சிலிருந்து மற்றைய 10 மைக்ரோபரட், அதன் நேர்முனை சோர்சை நோக்க, வெளிவாயிலுக்குச் செல்லும். வெளிவாயிலுக்கும் புவிக்கும் இடையே 100 கிலோஓம் அமையும். மின்கலத்தின் மறைமுனையும் பெட்டியும் புவியே.

கால்களின் வரிசை ஆக்குவோரின் தாளில் உள்ளவாறு அமைய வேண்டும். பற்றாசு பிடிக்கும்போது திரான்சிற்றரை நெடுநேரம் சூடாக்கலாகாது. நுகர்ச்சி ஏறத்தாழ 1 மில்லியம்பியரே. ஒரு மின்கலம் நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் உழைக்கும்.

பஃபரைப் பலகையின் முதலில் வைப்பதே வழக்கம். ஆனால், இலண்டனில் ஆர்பிற்றர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட பஸ் பேஸ் போன்ற கருவிகளுக்கு இது பொருந்தாது. அவை சுருளை நேரே ஏற்றே இனிக்கும். பஃபருக்குப் பின் கீச்செனும். அவற்றை முன்னே வைத்து, பஃபரைப் பின்னே வைப்பதே முறை.

புதிய கருவிக்குப் பணம் சேர்க்குமுன், மாணவர் இச்சிறு சுற்றை ஒருமுறை இயற்றிப் பார்ப்பாராக. கைப்பொருளும் மிஞ்சும், கருவியின் உண்மைக் குரலும் மீளும்.