பரம்பரைப் புற்றுநோயும் குருத்தணுச் சிகிச்சையும்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு ஸ்திரீக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால், அக்கம்பக்கத்தார் முதலில் சந்தேகிப்பது தொழிற்சாலைப் புகையைத்தான். 2019 மார்ச் மாதத்தில் கிம் கிம் ஆற்றிலே இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வைத்தியம் தேடி ஓட, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட நாட்களை அனுபவித்த ஜனங்கள் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆயினும், தாய்க்கு மார்பிலும், அவள் தங்கைக்குச் சூலகத்திலும், மகளுக்கு ஐம்பது வயதாகுமுன்பே மறுபடி மார்பிலுமாகப் புற்று காணும் குடும்பங்கள் சில உண்டு. அத்தகைய குடும்பங்களில் காரணத்தை வெளிக்காற்றில் தேடுவதைவிட, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் மரபணுவில் தேடுவதே பொருந்தும். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இவ்விதம் பரம்பரையாக வருபவை.

இத்தகைய மரபணு ஒன்று 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறதென்று அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் 1990-இல் காட்டினார். பிஆர்சிஏ-1 என்று வழங்கும் அது 1994-இல் பிரித்தறியப்பட்டது. மறு ஆண்டே 13-ஆவது குரோமோசோமில் பிஆர்சிஏ-2 கண்டறியப்பட்டது. நம்மூர்க் கப்பல் பட்டறையில் விரிசல் கண்ட தகட்டை வெல்டிங் வைத்து ஒட்டுகிறவர்களைப் போல, உயிரணுவுக்குள் அறுந்துபோன டிஎன்ஏ இழைகளைச் செப்பனிடுவது இவ்விரண்டின் வேலை. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் நமக்கு உண்டு. பிறக்கும்போதே ஒன்று பழுதாக இருந்து, பிற்காலத்தில் ஏதோ ஓர் உயிரணுவில் மற்றதும் கெட்டுப்போனால், அங்கே அறுந்தது அறுந்தபடியே நின்று, முடிவில் புற்றாக மூள்கிறது. பிஆர்சிஏ-1 பழுதுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 72 பேருக்கும், பிஆர்சிஏ-2 பழுதுள்ளவர்களில் 69 பேருக்கும் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்று வரக்கூடும் என்றும், சூலகப் புற்று முறையே 44 பேருக்கும் 17 பேருக்கும் வரக்கூடும் என்றும் 2017-இல் வெளியான பெரிய ஆய்வொன்று கணித்தது.

இந்தப் பழுது தாய்வழியாக மட்டுமே வருமென்று நம்மவர்களில் அநேகர் எண்ணுகிறார்கள். தகப்பனிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி சாத்தியத்தோடு அது வரும். அத்தைமார் நோயுற்று மாண்ட கதையைக் கேளாமல் விடுவது பாதிக் குடும்பத்தையே கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும். மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமுமாக மூன்று தலைமுறையை வரைந்து, புற்று கண்டவர்களின் கட்டத்தைக் கறுப்பாக்கி, காலமானவர்கள்மேல் ஒரு சாய்கோடு கிழிக்கும்போது, தோட்டத்து லயங்களை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில் பல கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. "பாட்டிக்கு வயித்துல கட்டி, தோட்டத்து டிரெஸ்ஸர்தான் மருந்து கொடுத்தாரு" என்பதற்குமேல் யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டி சூலகத்தினுடையதா, குடலினுடையதா என்பதைப் பொறுத்தே பேத்தியின் சிகிச்சை மாறக்கூடும் என்பதால், வயது முதிர்ந்த சித்தியையோ பெரியம்மாவையோ இருக்கும்போதே உட்கார்த்திக் கேட்டு எழுதிவைப்பது மிகவும் அவசியம்.

இந்த மரபணுவையே திருத்திவிட முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஸ்டெம் செல் என்று வழங்கும் குருத்தணுக்களைச் சரீரத்திலிருந்து எடுத்து, நல்ல மரபணுவை ஒரு வைரஸின் மூலம் உட்செலுத்தித் திரும்பக் கொடுக்கும் சிகிச்சை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழுவினர், இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயால் கடுமையாக வருந்திய ஐவருக்கு இதைச் செய்து, அதன்பின் அவர்களுக்கு இரத்தப்போக்கு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்டான பெருமிதம் சொல்லி முடியாது.

ஆனால், ஹீமோபிலியாவில் திருத்தம் பெற்ற சில உயிரணுக்கள் இரத்தத்தை உறையவைக்கும் பொருளைச் சுரந்தாலே போதும். சரீரம் முழுமைக்கும் அது பயன்படும். புற்றிலோ நிலைமை நேர்மாறு. மார்பகத்திலும் கருக்குழாயிலும் உள்ள கோடானுகோடி உயிரணுக்களும் அதே பழுதைச் சுமப்பவை. அவற்றுள் திருத்தப்படாத ஒன்று எஞ்சி நின்றாலும் அபாயம் அங்கிருந்தே புறப்படலாம். எலும்பு மஜ்ஜையைப்போல மார்பகத்தைக் காலிசெய்து மறுபடி நிரப்பவும் இயலாது. இதனாலேயே, பரம்பரைப் புற்றைத் தடுக்கும் குருத்தணு மரபணுச் சிகிச்சை இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை. போதாக்குறைக்கு, சிகிச்சையே புற்றை விளைவித்த அனுபவமும் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தியின்றிப் பிறந்து பாரிஸிலும் லண்டனிலும் இச்சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் ஐவருக்கு, டிஎன்ஏவில் வைரஸ் போய் அமர்ந்த இடம் தகாத இடமாகிவிட்டதால், சில ஆண்டுகளுக்குள் இரத்தப் புற்று கண்டது.

ஆயினும், குருத்தணுத் திருத்தம் ஓரளவு கைகொடுக்கும் வியாதி ஒன்றும் இம்மரபணுக்களோடு தொடர்புடையது. பிஆர்சிஏ-2 இரண்டு பிரதிகளிலும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற கொடிய வியாதி வருமென்று 2002-இல் தெரியவந்தது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் சமூகத்துக்கு இது தனிப்பட்ட முக்கியத்துவம் உடையது. ஒரே பாட்டியின் பழுது இருபுறமும் வந்து ஒரு குழந்தையிடம் சேரக்கூடுமல்லவா? அந்த வியாதியின் வேறொரு வகைக்கு, மாட்ரிட்டில் ஹுவான் புவெரன் குழுவினர் குருத்தணுக்களைத் திருத்திக் கொடுத்து, அவை மஜ்ஜையில் மெல்லப் பெருகுவதை 2019-இல் காட்டினார்கள். அங்கேயும் காப்பாற்றப்படுவது மஜ்ஜைதான். மற்ற அவயவங்களின் புற்று அபாயம் அப்படியே இருக்கிறது.

வேறொரு திசையிலிருந்தும் முயற்சி நடக்கிறது. மெல்போர்னில் ஜேன் விஸ்வேடரும் ஜெஃப்ரி லிண்டெமனும், எலியின் ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து முழு மார்பகச் சுரப்பியும் வளர்வதை 2006-இல் காட்டினார்கள். பின்னர், பிஆர்சிஏ-1 பழுதில் புற்றாக மாறும் இளம் உயிரணுக்களை இனங்கண்டு, எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் டெனோசுமாப் என்ற மருந்தால் அவற்றை அடக்கலாமா என்று சோதிக்கத் தொடங்கினார்கள்.

இத்தனை அறிஞர்களுக்கும் இன்னும் கைகூடாததை, ஒரு ஊசியில் தருவதாகச் சொல்லி "ஸ்டெம் செல்" என்ற பெயரால் விளம்பரம் செய்பவர்களிடம் பயந்துபோன ஸ்திரீகள் பணத்தைக் கொடுப்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. இன்று உண்மையாகப் பலன் தருபவை வேறு. பிள்ளைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ-1 உள்ளவர்கள் 35 முதல் 40 வயதுக்குள் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்வது சூலகப் புற்றின் அபாயத்தைப் பெரும்பாலும் நீக்குகிறது. இருபத்தைந்து வயது முதல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுப்பது மார்பகப் புற்றை ஆரம்பத்திலேயே காட்டுகிறது. நம் நாட்டில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சுபாங் ஜெயாவிலும் பேராசிரியர் தியோ சூ ஹுவாங் முதலியோர் இம்மரபணுக்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வருகிறார்கள். நமக்கு அருகில், ஜோகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அங்கே வைத்தியம் பெறுபவர்கள் மரபணுப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் தாமாகவே கேட்கலாம். முதலில் இரத்தம் கொடுக்க வேண்டியவர், கூடுமானவரை, ஏற்கெனவே நோய் கண்ட பெண்ணே. அவரிடம் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், மகள்களுக்கும் சகோதரிகளுக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடிப் பார்த்தால் போதும். மகன்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கும் பெண் குழந்தைகள் பிறப்பார்கள்.