இணையப் பொதிகளும் அளவையும்

இணையத்தின் வழி அனுப்பப்படும் செய்தி யாதாயினும் அது சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்லும் என்பதை அன்பர்கள் அறிவர். அவற்றுள் எத்தனை பொதிகள் வழியில் தொலைந்தன, எவ்விடத்தில் தொலைந்தன என்று அறிவதோ எளிதன்று. 1981 இல் வெளியான இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு, பொதியைச் சேர்ப்பிப்பதையே தன் தலையாய கடனாகக் கொண்டது. நேரம் பதிவதற்கு அதில் இடமுண்டு. ஆயின் அது வேண்டுவோர்க்கு மட்டுமே. வழிகாட்டும் பொறிகளாகிய றவுட்டர்கள் பல அதனைப் பொருட்படுத்துவதுமில்லை.

1983 இல் அமெரிக்கரான மைக் மூஸ் 'பிங்' என்னும் செய்நிரலை ஆக்கினார். அது தூதுப் பொதியொன்றை அனுப்பி, மறுமொழி வரும்வரை கழியும் நேரத்தைக் கணிக்கும். இன்றும் அது பயன் தருவதே. எனினும் தூதன் வேறு, பயணி வேறு. வித்தியாதரிசி வந்த நாளில் வகுப்பு நடந்த முறையைக் கொண்டு ஆண்டு முழுவதையும் மதிப்பிடல் தகுமோ என்பதை ஆசிரியராகிய யாம் நன்கறிவோம். தூதுப் பொதிகளைச் சில றவுட்டர்கள் பிற்படுத்தும், சில புறக்கணிக்கும்.

ஆதலின் உண்மைப் பொதிகளிலேயே அளவைக் குறியை இடும் முறை எழுந்தது. இத்தாலியத் தொலைபேசி நிறுவனமொன்றின் வலையமைப்பில் பரீட்சிக்கப்பெற்ற இம்முறை, 2018 இல் ஆவணமாக வெளிவந்து, 2022 இல் நெறிமுறையின் ஆறாம் பதிப்புக்கும் வகுக்கப்பட்டது. நில்லாது பாயும் பொதிகளை இரு முனைகளில் எண்ணுவோர்க்கு, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதே இடர். அதற்குக் கண்ட உபாயம் வியக்கத்தக்க எளிமை உடையது. குறித்த ஒரு கால எல்லைக்குள் புறப்படும் பொதிகள் யாவற்றிலும் 1 எனவும், அடுத்த எல்லையில் 0 எனவும் மாறி மாறிக் குறியிடுவர். 1 பாயுங்கால் 0 இன் எண்ணிக்கை அசையாது நிற்கும். அதனை இரு முனைகளிலும் ஆறுதலாக வாசிக்கலாம். முதன் முனையில் 1000, மறு முனையில் 997 எனின் இடையே தொலைந்தவை 3. போக்குவரத்தை நிறுத்தவும் வேண்டா, தூதனை அனுப்பவும் வேண்டா. இடையிலுள்ள பொறிகளிலும் எண்ணினால் பழுதுற்ற இடமும் புலப்படும்.

2021 இல் நியமமான 'குயிக்' நெறிமுறையோ தன் பொதிகளின் உள்ளடக்கத்தை மறைகுறியாக்குவது. அளப்போர்க்கென அதில் விடப்பட்டது ஒரேயொரு பிட். பயனர் பக்கம் அதனை மாற்றி அனுப்ப, மறுபக்கம் கண்டதையே திருப்பி அனுப்பும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அது மாறும். இடையில் நிற்பவர் அம்மாற்றங்களுக்கிடையே கழியும் நேரத்தைக் கொண்டு போய்வரும் காலத்தை அறிவர். இதுவும் கண்காணிப்புக்கு வழியாகுமோ என்னும் ஐயம் எழுந்தமையின் அதனை விருப்பத்துக்கு விட்டனர். அவ்வாறு விட்டது முறையே என்பது எம் கருத்து. பயன்படுத்துவோரும் 16 பாதைகளுக்கு ஒன்றிலேனும் அதனை நிறுத்திவைத்தல் வேண்டும் என விதித்துள்ளனர். அளக்க மறுப்பவர் தனித்துத் தோன்றலாகாது என்பதே அதன் காரணம்.