உப்பைக் கழுவும் வேலை

சிங்கப்பூரில் டிரை டாக்குக்குள் வரும் கப்பலுக்கு முதல் வேலை கழுவுவதுதான். மதகை மூடி உள்ளிருக்கும் கடல்நீரைப் பம்பு போட்டு இறைத்ததும் கப்பல் கட்டைகளின் மேல் அமர்ந்துகொள்ளும். அதுவரை நீருக்குள் இருந்த அடிப்பாகம் பாசியும் ஒட்டுச் சிப்பியுமாக வெளியே தெரியும். அந்த ஈரம் காய்வதற்குள் ஊழியர்கள் உயரழுத்தக் குழாயோடு இறங்கிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் பாசி இறுகும், உப்பு படியும், வேலை இரட்டிப்பாகும். பழைய பெயின்டைச் சுரண்டுவது, துருவை அகற்றுவது, புதிய பெயின்ட் அடிப்பது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெரிய சரக்குக் கப்பல்களின் அடிப்பாகத்தை ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை, இடைவெளி 36 மாதங்களைத் தாண்டாமல் சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தச் சோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் கப்பல்கள் நெடுங்காலமாக நாடிவரும் ஊர் சிங்கப்பூர். கெப்பல் துறைமுகத்தின் கிங்ஸ் டாக் 1913-இல் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படை செம்பவாங்கில் கட்டிய ஆறாம் ஜார்ஜ் மன்னர் டாக் 1938-இல் திறக்கப்பட்டது. இன்று பெரிய கப்பல் பட்டறைகள் துவாஸ் பக்கம் நகர்ந்துள்ளன. அவற்றில் கழுவுவது, துகள்களை வேகமாக வீசித் துருவை அகற்றும் பிளாஸ்டிங் செய்வது, பெயின்ட் அடிப்பது ஆகிய வேலைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையைச் சுற்றியும் சிராங்கூன் சாலை நெடுகிலும் கூடும் கூட்டத்தில் இரும்பிலிருந்து உப்பை எடுக்கத் தெரிந்த கைகள் நிறைய உண்டு. அந்தக் கைத்தொழிலின் அறிவியல் பொதுமக்களிடம் அதிகம் பேசப்படுவதில்லை.

உப்பு இரும்பைத் தின்கிறது என்று சொல்வது வழக்கம். இரும்பைத் துருவாக்குவது ஆக்சிஜனும் நீரும்தான். உப்பு அவற்றின் வேலையை எளிதாக்குகிறது. ஈரமான இரும்புத் தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. வேறோர் இடத்தில் காற்றின் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொண்டு நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகிறது. எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடுகின்றன. மின்சுற்று முழுமையடைய, மேலே நிற்கும் நீரும் மின்னோட்டத்தைக் கடத்த வேண்டும். தூய நீர் அதை மிக மந்தமாகவே செய்யும். நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புள்ள கடல்நீருக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

உப்பின் குளோரைடு செய்யும் இரண்டாவது கேடு இன்னும் கடுமையானது. இரும்பின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருந்து ஓரளவு காக்கிறது. குளோரைடு அயனிகள் அதை ஆங்காங்கே துளைத்துவிடுகின்றன. துளை விழுந்த இடத்தில் சிறு குழி உண்டாகிறது. குழிக்குள் கரையும் இரும்பு நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு அயனிகளின் நேர்மின்னேற்றத்தைச் சமன்செய்ய வெளியிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. இவ்வளவு நடந்தும் குளோரைடு செலவாவதில்லை. ஒரு குழியை ஆழப்படுத்திய அதே அயனி அடுத்த அணுவுக்கும் காத்திருக்கிறது. எனவே உப்பை முழுதாக வெளியேற்றாத எந்த வைத்தியமும் பாதி வைத்தியமே.

மழையோ கடலலையோ படாத இடத்திலும் இது நடக்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சாதாரணச் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது தானாக நீர்த்துக் கரைசலாகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் அது 90-ஐத் தாண்டும். வறண்ட பிற்பகலிலும் 60 வாக்கில் நிற்கும். ஆகவே இங்கே இரும்பின் மேல் ஒட்டிய கடலுப்பு முழுதாகக் காய்வதே அபூர்வம். அதோடு ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரி வெப்பம். வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், துருவுக்கு இதைவிட வசதியான தட்பவெப்பம் கிடைப்பது அரிது.

டாக்கில் நடக்கும் கழுவலை அருகிலிருந்து பார்த்தால் அது எளிய வேலை இல்லை என்பது விளங்கும். பாசியையும் உப்பையும் அகற்றச் சில நூறு பார் அழுத்தம் போதும். பழைய பெயின்டையும் துருவையும் நீராலேயே உரித்தெடுக்கும் முறையில் அழுத்தம் 2,000 பாருக்கு மேல் போகும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பாரைச் சற்றே தாண்டியது. அந்த நீர்க்கற்றை பூட்ஸையும் தோலையும் கிழித்துச் சதைக்குள் இறங்கக்கூடியது. வெளியே சிறு துளை, உள்ளே ஆழமான காயம் என்பதால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். குழாய் பின்னுக்குத் தள்ளும் விசையைத் தோளில் தாங்கியபடி, நீர் புகாத கனத்த உடையும் முகக்கவசமும் அணிந்து, சிங்கப்பூர் வெயிலில் நின்று செய்யும் வேலை இது. மூக்குப் பகுதியில் தொடங்கி மேலிருந்து கீழாக, ஒரு வரிசை அடுத்த வரிசையைச் சற்றுத் தொட்டுச் செல்லும்படி கழுவ வேண்டும். வெல்டிங் ஓரங்கள், சுக்கான் இடுக்குகள், கடல்நீர் உறிஞ்சும் வாய்கள் ஆகியவற்றில் குழாயைக் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டும்; உப்பு தங்குவது அங்கேதான்.

வரிசை மாறவே கூடாது. கழுவாமல் பிளாஸ்டிங் செய்தால், வேகமாக மோதும் துகள்கள் மேலே இருக்கும் உப்பைக் குழிகளுக்குள் இடித்து நிரப்பிவிடும். தகடு வெள்ளையாகப் பளிச்சிடும். உப்பு உள்ளேயே இருக்கும். ஆழமான குழிகள் உள்ள இடத்தில் கழுவி, பிளாஸ்டிங் செய்து, மறுபடியும் கழுவி, மறுபடியும் பிளாஸ்டிங் செய்ய வேண்டி வரும். துருவுக்குள் சிறைப்பட்ட குளோரைடு ஒரே கழுவலில் வெளியே வராது.

உப்பு போய்விட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கென ஒரு சோதனை இருக்கிறது. நடுவில் பள்ளம் உள்ள சிறு ஒட்டுப்பட்டையைத் தகட்டில் ஒட்டி, ஊசியால் வடிநீரை அதற்குள் செலுத்துவார்கள். அதே ஊசியால் நீரைச் சில முறை உறிஞ்சியும் விட்டும் தகட்டை அலசுவார்கள். பிறகு அந்த நீரின் மின்கடத்துதிறனை ஒரு கருவியில் அளப்பார்கள். உப்பு கூடக் கூட எண் ஏறும். பிரெஸ்லே சோதனை என்று இதற்குப் பெயர். கப்பல்கள் சமநிலைக்காகக் கடல்நீர் ஏற்றும் பாலஸ்ட் தொட்டிகளுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-இல் ஏற்ற விதியின்படி, பெயின்ட் அடிக்கும் முன் ஒரு சதுர மீட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கக்கூடாது. ஒரு மேசைப் பரப்பில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பைத் தூவினாலே அந்த அளவு எட்டிவிடும்.

இவ்வளவு சிறிய அளவுக்கு இத்தனை கெடுபிடி ஏன் என்பதற்கு விடை பெயின்டுக்கு அடியில் இருக்கிறது. பெயின்ட் படலம் நீரை முழுதாகத் தடுப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் மெல்லக் கசிந்து போகும், உப்பு போகாது. ஆகவே படலத்துக்கு அடியில் உப்பு சிக்கியிருந்தால் சவ்வூடு பரவல் தொடங்குகிறது. வெளியே உள்ள நீர், உள்ளே இருக்கும் செறிந்த உப்பை நீர்க்கச் செய்ய உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். படலம் மேலெழும்பிக் கொப்புளமாகும். அதை நகத்தால் கீறினால் நீர் வடியும். அடியில் ஆக்சிஜன் குறைவான இடத்தில் உண்டாகும் கறுப்புத் துரு இருக்கும். பாலஸ்ட் தொட்டிப் பெயின்டுக்கு அந்த விதி வைத்திருக்கும் இலக்கு 15 ஆண்டு. கழுவலில் விட்ட குறை ஓரிரு ஆண்டிலேயே அதைக் கெடுத்துவிடும்; அந்தக் குறை யாருடையது என்று அப்போது கண்டுபிடிக்கவும் முடியாது.

கழுவி முடித்த பிறகும் நேரம் எதிரியாகவே நிற்கிறது. பளிச்சென்ற ஈர இரும்பு சில மணி நேரத்தில் மஞ்சள் பூத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழும், தகட்டின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரியாவது மேலும் இருந்தால்தான் பெயின்ட் அடிக்கலாம் என்பது தொழில் நியதி. சிங்கப்பூரின் இரவும் விடியலும் பல நாள் இந்தத் தேர்வில் தோற்கும். எனவே தொட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களை ஓடவிட்டுக்கொண்டே வேலை நடக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் போராட்டத்துக்குப் பெயர்போன இடம் பாம்பன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றில் நின்றது; துருவின் காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்பட்டுள்ளன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்திருக்கிறது.

குளிர்நாடுகளில் இதே சிக்கல் சாலை வழியே வந்து கார்களைப் பிடிக்கிறது. உப்புக் கரைசலின் உறைநிலை நீரைவிடத் தாழ்ந்தது என்பதால் பனி உருக உப்பைத் தூவுகிறார்கள். அமெரிக்காவில் 1938-இல் நியூ ஹாம்ஷயரில் சோதனையாகத் தொடங்கிய வழக்கம் இன்று ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டன் உப்பைச் சாலைகளில் கொட்டுமளவு வளர்ந்துவிட்டது. உருகிய உப்புச்சேறு டயரிலிருந்து தெறித்து, சக்கர வளைவுகளிலும் கதவின் அடி விளிம்புகளிலும் பிரேக் குழாய்களிலும் ஒட்டுகிறது. டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ வாழும் தமிழர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் தலைவலி. 2015-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம், உப்பு தூவும் மாநிலங்களில் பழைய வண்டிகளின் பிரேக் குழாய்கள் துருவில் அறுந்துபோவதைச் சுட்டிக்காட்டி, வண்டியின் அடிப்பாகத்தைத் தவறாமல் கழுவச் சொன்னது.

கடுங்குளிரில் காரைக் கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. உறைநிலைக்குக் கீழே துரு மந்தமாகவே பரவும். உப்பேறிய காரைச் சூடான கராஜில் நிறுத்தினால் துரு விழித்துக்கொள்ளும். ஆகவே வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறும் நாளாகப் பார்த்து, பகலில், அடியிலிருந்து பீய்ச்சும் வசதி உள்ள கழுவுமிடத்தில் கழுவுவது நல்லது. கொதிக்கும் நீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விழலாம். கதவு ரப்பரையும் பூட்டுத் துளையையும் துடைத்து உலர்த்தாவிட்டால் மறுநாள் காலை கதவு திறக்காது.

சிங்கப்பூர்க் கார்களில் துரு அவ்வளவாகக் கண்ணில் படாததற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. 1990-இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழின் காலம் பத்து ஆண்டு. பெரும்பாலான கார்கள் துரு முற்றும் முன்பே பதிவு நீக்கப்பட்டு ஏற்றுமதிக்கோ உடைப்புக்கோ போய்விடுகின்றன. ஈஸ்ட் கோஸ்ட் கரையோரம் நாள் முழுவதும் வெளியில் நிற்கும் மோட்டார்சைக்கிள்களின் சங்கிலியையும், கடலோர வேலையிடங்களுக்குப் போய்வரும் லாரிகளின் அடிச்சட்டத்தையும் பார்த்தால் உப்பின் கைவண்ணம் தெரியும். மேலே விழும் மழை காரின் கூரையைக் கழுவிவிடும். அடிப்பாகத்துக்கு அந்தக் கருணை கிடையாது. குழாய் பிடிக்க வேண்டிய இடம் அங்கேதான்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பது இந்த விஷயத்தின் இன்னொரு பாதி. குளிர்நாடுகளில் சாலை உப்பு ஏரிகளிலும் ஆறுகளிலும் சேர்ந்து குடிநீரைக் கெடுக்கிறது. 2014-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் தன் ஆற்றிலிருந்தே குடிநீர் எடுக்கத் தொடங்கியது. குளோரைடு மிகுந்த அந்த நீரில் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்கப்படவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அங்கிருந்த கார்த் தொழிற்சாலை அதே ஆண்டு அந்த நீரைக் கைவிட்டது. குழந்தைகள் அதன் பிறகும் மாதக்கணக்கில் அதையே குடித்தார்கள்.

சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியானவை. லிட்டில் இந்தியாவின் தெருக்களில் விழும் மழை ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008-இல் திறந்த மரினா அணைக்கட்டு கடலைத் தடுத்ததால், முன்பு உப்பேறிக் கிடந்த அந்தக் கழிமுகம் 2010-க்குள் நன்னீராகி, குடிநீருக்கு உதவும் தேக்கமாக மாறியது. எனவே காரைக் கழுவிய சோப்பும் எண்ணெயும் கலந்த நீரைத் தெருவோர வடிகாலில் விடக்கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாகன நிறுத்துமிடங்களில் கூரையோடு அமைந்த கழுவுமிடங்கள் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டவை. அங்கே கழுவும் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது.