மனவடு: பேசாமல் சுமப்பதை விடச் சிகிச்சை நல்லது

பியர்பொன்ட்ஸிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் வாழும் எம்மவர் பலர் 1983, 1987, 1995, 2009 ஆகிய ஆண்டுகளில் ஒன்றையாவது மனத்தில் சுமந்துகொண்டுதான் இந்த நாட்டுக்கு வந்தோம். வேலை தேடினோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம். ஆனாலும் யூலை முதலாம் திகதி கனடா தின வாணவேடிக்கை தொடங்கியதும் எங்களில் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது. தாழப் பறக்கும் ஹெலியின் சத்தம் கேட்டால் கை கால் உதறுகிறது. இதைக் கோழைத்தனம் என்று நினைத்து வெட்கப்படுகிறோம். உண்மையில் இது வைத்தியம் உள்ள ஒரு பாதிப்பு. இதனைத் தமிழில் மனவடு என்கிறோம்.

சாதாரண நினைவுகள் காலம் போகப்போக மங்கிப் பழையதாகிவிடும். உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது பதிந்த நினைவு பலருக்கு அப்படி மங்குவதில்லை. சத்தம், மணம், இருட்டு என்று சிறிய தூண்டுதல் கிடைத்தாலே அந்த ஆபத்து இப்போதுதான் நடப்பதுபோல மூளை உடலை உசார்ப்படுத்துகிறது. கெட்ட கனவுகள், தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், காரணமின்றி எரிந்து விழுதல், ஊர்ப் பேச்சையே தவிர்த்தல், எதிலும் ஒட்டாத வெறுமை ஆகியன இதன் அடையாளங்கள். எம்மவரிடம் இது தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு என்றும் வெளிப்படுகிறது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குழப்பினால் உதவி தேடவேண்டும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல்தான் இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், ஈழத்தமிழரிடம் இதன் தாக்கத்தை 1998இல் நூலாகவே எழுதினார். தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்திய கருத்து. ரொறன்ரோத் தமிழரிடையே மோர்ட்டன் பைசர் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றியோரில் 12 வீதத்தினரிடம் இந்த நோய் காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சையை நாடியிருக்கவில்லை.

ஏன் நாடுவதில்லை? "விசர் என்று சொல்லிப்போடுவினம்" என்ற பயம் முதற் காரணம். மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடுமோ என்ற யோசனை இரண்டாவது. மூன்றாவது மொழி. வைத்தியரிடம் போகும்போது மகனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்கிறோம். பிள்ளைக்கு முன்னால் தடுப்பு முகாமில் நடந்ததை எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? தலையிடி என்று மட்டும் சொல்லி, தலையிடி மாத்திரையுடன் திரும்பி வருகிறோம்.

ஆகவே பிள்ளையை வெளியே இருத்திவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். மொன்றியலின் பொதுச் சுகாதார நிலையங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புவதற்கென ஒரு சேவை இயங்குகிறது. அவர்களும் இரகசியம் காக்கவேண்டியவர்களே. நீங்கள் சொல்வதை வைத்தியரோ உளவியலாளரோ வெளியே சொல்லக்கூடாது என்பதைக் கியூபெக்கின் உரிமைச் சாசனமே உறுதிசெய்கிறது. உயிராபத்துப் போன்ற சில நிலைமைகள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

எங்கே தொடங்குவது? குடும்ப வைத்தியர் இருந்தால் அவரிடமே சொல்லலாம். இல்லாவிட்டால் பியர்பொன்ட்ஸ் சி.எல்.எஸ்.சி நிலையத்தில் விசாரிக்கலாம். 811ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் சமூக சேவையாளர் ஒருவருடன் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். போர், சித்திரவதை போன்றவற்றில் பாதிக்கப்பட்டு வந்தோருக்கென றிவோ என்ற அமைப்பு மொன்றியலில் உளச்சிகிச்சை வழங்குகிறது. தனியார் உளவியலாளருக்கு அரச காப்புறுதி பணம் கொடுக்காது. வேலைத்தலக் காப்புறுதியில் அதற்கு இடமுண்டா என்று பாருங்கள். கியூபெக்கில் 2012இலிருந்து உளச்சிகிச்சை செய்ய மருத்துவர், உளவியலாளர், அனுமதிப்பத்திரம் பெற்றோர் ஆகியோருக்கு மட்டுமே உரிமை உண்டு. ஆகையால் பணம் கட்டுவதற்கு முன் அதனைக் கேட்டறியுங்கள்.

சிகிச்சை என்றால் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டித்தீர்ப்பது என்று பயப்படவேண்டாம். முதலில் தூக்கத்தையும் மூச்சையும் சீராக்கப் பழக்குவார்கள். நம்பிக்கை வந்தபின்னரே அந்த நினைவைச் சிறிது சிறிதாக, நீங்கள் தாங்கக்கூடிய அளவில் தொடுவார்கள். நடந்தது மறந்துபோகாது. ஆனால் அது முடிந்துபோன ஒன்று என்பதை உடம்பும் ஏற்றுக்கொள்ளப் பழகும். தேவைப்பட்டால் மாத்திரையும் உதவும். கோவிலும் தேவாலயமும் உறவுகளும் தரும் ஆறுதலை இதற்காக விடவேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே போகலாம்.

வீட்டில் ஒருவர் இப்படித் துன்பப்பட்டால் "பழசை மறவுங்கோ" என்று சொல்லாதீர்கள். மறக்க முடிந்திருந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார். பக்கத்தில் இருந்து கேளுங்கள், வைத்தியரிடம் போக நாள் குறித்துக் கொடுங்கள், கூடவே போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி அவர் பேசினால் உடனே 988ஐ அழையுங்கள். நாம் வாய் திறக்காத வலி வீட்டில் கோபமாகவும் மௌனமாகவும் பிள்ளைகளைப் போய்ச் சேர்கிறது. அவர்களுக்காகவாவது நாம் உதவி கேட்கப் பழகவேண்டும்.